டீச்சரைக் கேளுங்கள்: எமன் லீவு போட்ட காலை

சென்ற இதழில், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்த வேஷ ஓட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் இளவட்டப் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட, அங்கே காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டம் ஏற்பாடு செய்த ஓட்டம் அது. வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி வசவு. பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே காலம் தள்ளிய பி.டி. டீச்சர் நான், வசவு எனக்குப் புதிதில்லை. முதல் கடிதத்தில் இரண்டுமே இருக்கிறது.

கேள்வி: கேன்சர் வந்த பிள்ளைகளுக்காக ஓடுவது நல்ல காரியம். அதற்குப் புலி வேஷம், கரடி வேஷம், போதாததற்கு எமன் வேஷம் வேறா? நோயாளிகளை வைத்து லந்து பண்ணுவது உங்களுக்கே சரியாகப் படுகிறதா?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநகர்*

ஐயா, வணக்கம். அந்த எமனுக்கு வயது 23. அவனியாபுரத்துப் பையன். கழுத்தில் நெறி கட்டி, அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று என்று தெரிந்து, கீமோ முடித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வேஷப் பட்டியல் எழுதும்போது எங்கள் கூட்டத்துப் பெரியவர் ஒருவர், "எமன் மட்டும் வேணாம்ப்பா, யாராவது மனசு சங்கடப்படுவாங்க" என்றார். பையன் விடவில்லை. "அங்கிள், ஆறு மாசமா அவரு எங்க வீட்டு வாசல்லதான் சுத்திக்கிட்டுக் கெடந்தாரு. இங்க இருக்கிறதுலயே அவரை நல்லாத் தெரிஞ்சவன் நான்தான். நானே போடுறேன்."

கிரீடம் அட்டையில் தங்கக் காகிதம் ஒட்டியது. தலையில் முடி இன்னும் முளைக்காததால் அது நிற்கவே இல்லை. வழுக்கி வழுக்கிக் கண்ணை மறைத்தது. அவன் அம்மா யாரிடமோ பாவாடை நாடா வாங்கி, கிரீடத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சுப் போடும்போதே "பல்லைக் காட்டாதடா, எமன் சிரிக்க மாட்டாரு" என்று வைதார். இரண்டாவது சுற்றில், கரையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் "எங்கிட்டு ராசா இம்புட்டு வெரசாப் போற?" என்று கேட்க, "இன்னைக்கு லீவு போட்டுட்டேன் அப்பத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினான். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அதோடு, வேஷம் என்றால் கேலி என்று மதுரைக்காரர் நீங்களே சொல்லலாமா? சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்காக எத்தனை பேர் அழகர் மாதிரியே தலைப்பாகை கட்டி, தோப்பறை என்கிற தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு வருகிறார்கள்! கருப்பசாமி வேஷம், திரி எடுத்து ஆடுவது எல்லாமே உடம்பு சரியாக வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டதுதானே? புதுமண்டபத்தில் அந்த உடுப்பைத் தைத்துக் கொடுத்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டும் ஊர் இது. எங்கள் பிள்ளைகள் கரடி வேஷம் கட்டினால் மட்டும் குற்றமா?

பாவம் பார்க்கிறவர்கள் அவர்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்கள்கூட "இந்த வயசுலயா?" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வேஷம் வேண்டும் என்று கேட்டதே அந்தப் பிள்ளைகள்தான், ஐயா. நாங்கள் விசில் ஊதினோம், அவ்வளவே.

கேள்வி: எங்கள் வீட்டு நாயை அழைத்து வரலாமா?
*வாசகி, கே.கே.நகர்*

வேண்டாம் தாயி. புலி வேஷத்தைப் பார்த்து அது என்ன நினைக்குமோ.

கேள்வி: கேன்சர் எல்லா வயதிலும் வருகிறது. வயதானவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். இளைஞர்களுக்கு மட்டும் தனியாக ஏன்?
*வாசகர், செல்லூர்*

வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, சரிதான். ஆனால் 15 வயதுக்கும் 39 வயதுக்கும் நடுவில் இருப்பவர்களை மருத்துவத்திலேயே தனிப் பிரிவாகப் பார்க்கிறார்கள். அவர்கள் எங்கேயும் ஒட்டாமல் நிற்கிறவர்கள் என்பது ஒரு காரணம். குழந்தைகள் வார்டில் சுவரெல்லாம் யானைப் படம். 19 வயதுப் பையன் அங்கே கால் நீட்ட முடியாது. பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டில் தாத்தா, "நான் பாத்துட்டேன்யா எல்லாத்தையும், நீ என்ன பாத்த?" என்று இவனைப் பார்த்து அழுவார்.

வருகிற நோயும் வேறு மாதிரி. ரத்தப் புற்று, லிம்போமா, எலும்புப் புற்று, விரைப் புற்று, தைராய்டு என்று போகும். பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய். கண்டுபிடிக்கத்தான் தாமதமாகிவிடுகிறது. 'வயசுப் பிள்ளைக்கு என்ன வந்துரப்போகுது' என்கிற நினைப்பு வீட்டிலும் இருக்கிறது, சில சமயம் டாக்டரிடமும் இருக்கிறது. எலும்புப் புற்று பெரும்பாலும் வளரும் வயதில் முழங்காலை ஒட்டி வரும். கால்பந்தில் அடிபட்ட வீக்கம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுப் பிள்ளைகளோடே இருந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம் என்றால் எக்ஸ்ரே எடுங்கள். கழுத்து நெறிக் கட்டிக்குக் காசநோய் மாத்திரை தின்று மாதங்களைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

பிறகு இந்த வயதுக்கே உரிய தலைவலிகள். அரியர் பேப்பர், போன வேலை, அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், தனக்கு வரன் வருமா, குழந்தை பிறக்குமா. 65 வயதுக்காரருக்கு இதில் எதுவுமே கவலை இல்லை. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. தைராய்டு கேன்சர் வந்து ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறேன். ஓட ஆசை. ஆனால் போட்டோவில் வந்துவிட்டால், பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். நான் என்ன செய்வது டீச்சர்?
*பெயர் வேண்டாம், மேலூர்*

வாடி தங்கம். கரடி வேஷம் போடு. மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும், அதுவும் உன் மூக்காக இருக்காது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேஷத்தால் எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதியே இதுதான். ஓடுகிற கூட்டத்தில் யார் நோயாளி, யார் கல்லூரி என்.எஸ்.எஸ். பையன், யார் பேங்க் மேனேஜர் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மற்ற ஊர்களில் குணமானவர்களுக்குத் தனி நிறத்தில் பனியன் கொடுத்து மேடையேற்றிக் கைதட்டுவார்கள். ஏறுகிறவர்கள் ஏறட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நம் பக்கத்தில் மேடைக்குக் கீழே சொந்தக்காரர்கள் நிற்பார்கள். அதனால் நாங்கள் யாருக்கும் தனி அடையாளம் வைப்பதில்லை. பேர் கொடுக்கும் இடத்திலும் "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்க மாட்டோம்.

கல்யாண விஷயம் வேறு. ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. கட்டிக்கப்போகிறவனுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தரகர் வழியாக வேண்டாம், அத்தை வழியாகவும் வேண்டாம், அவர்கள் சொல்லும்போது நோய் இரண்டு மடங்காகிவிடும். பேச்சு உறுதியாவதற்கு முன்னால், டாக்டர் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீயே அந்தப் பையனிடம் பேசு. பெரும்பாலான தைராய்டு புற்றுகள் நன்றாகக் குணமாகிறவை. மாத்திரையும் பரிசோதனையும் தொடரும். கர்ப்பத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதைக் கேட்டு எழுந்து போகிறவன் போகட்டும். நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அவன் எழுந்துதான் போவான்.

அம்மாவையும் கூட்டி வா. தண்ணீர்ப் பந்தலில் ஆள் குறைவு.

கேள்வி: ஓடுவதால் யாருக்கு நோய் குணமாகிறது? கொடுக்க நினைப்பவர்கள் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்கலாமே?
*வாசகர், திருமங்கலம்*

தாராளமாக. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் என் அனுபவத்தில் தூங்குகிறவர்கள் கொடுப்பதில்லை.

டெர்ரி ஃபாக்ஸ் என்று கனடாவில் ஒரு பையன். 1977-ல், 18 வயதில், எலும்புப் புற்று வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வார்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவன், ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவது என்று முடிவெடுத்தான். 1980 ஏப்ரல் 12-ம் தேதி கிளம்பி, செயற்கைக் காலோடு தினம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்குச் செய்தது இல்லை. நல்ல காலால் ஒரு குதி கூடுதலாகக் குதித்துத்தான் அடுத்த எட்டு வைக்க வேண்டும். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் ஜூன் மாதம் 22 வயதில் இறந்துபோனான். கனடாக்காரர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டிருந்தான். அவன் கண் மூடுவதற்கு முன்னாலேயே 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது, கிட்டத்தட்ட அந்த நாட்டு ஜனத்தொகை அளவுக்கு. இன்றும் அவன் பேரில் பல நாடுகளில் ஓடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது.

அவன் ஓடிய முதல் நாட்களில் ரோட்டோரம் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. வீட்டிலிருந்தபடி காசோலை எழுதி அனுப்பியிருந்தால் அவன் பேர் நமக்குத் தெரிந்திருக்குமா? நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் ஜனங்கள் பையில் கைவிட்டார்கள்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் வாங்கினீர்களே, அது எங்கே போகிறது? அரசு காப்பீடு இருக்கும்போது தனியாக வசூல் எதற்கு?
*கணக்குக் கேட்கும் வாசகர், அண்ணா நகர்*

கேட்க வேண்டிய கேள்வி. எல்லா ஓட்டக்காரர்களிடமும் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆபரேஷன், கீமோ, கதிரியக்கம் அதில் வரும். பஸ் சார்ஜ் வராது. ஆஸ்பத்திரி பக்கத்தில் எடுத்த ரூம் வாடகை வராது. கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்கும் அப்பாவின் சம்பளம் வராது. விக் வராது. நாங்கள் கொடுப்பது அதற்குத்தான். சமயத்தில் கல்லூரிப் பரீட்சைக் கட்டணம்கூடக் கட்டியிருக்கிறோம்.

இன்னொன்று, பணமே இல்லாமல் கிடைக்கிற உதவி. சிகிச்சைக்காகச் சென்னை அடையாறு மாதிரி வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் முழுதும் தள்ளுபடி. கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போய், மறுநாள் கீமோ ஏற்றிக்கொண்டு அதே மாதிரி திரும்பி வந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைக் கிழித்து யாருக்காவது கொடுங்கள்.

செலவைக் குறைக்க மெடல் கிடையாது, பனியன் கிடையாது. ஓட்டத்தில் வசூலாவதில் பாதி பனியனுக்கே போய்விடுகிற கூத்தை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். எல்லையைத் தொட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை, ஆம்பளைகளுக்கும் சேர்த்து. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, எந்த மெடலுக்குக் குறைச்சல்? மார்கழி, தையில் வைத்தால் மல்லி விற்கிற விலைக்கு வசூல் மொத்தமும் பூவாகிவிடும் என்றுதான் மாசிக்குத் தள்ளினோம். பிறகு ஆளுக்கொரு தம்ளர் பருத்திப்பால். வரவு செலவை முனிச்சாலைப் பக்கம் ஒரு கடைச் சுவரில் கையால் எழுதி ஒட்டினோம். அதில் கூட்டல் பிழை கண்டுபிடித்த டீக்கடைக்காரரைத்தான் அடுத்த வருஷம் பொருளாளராகப் போடப்போகிறோம்.

வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால், அதற்குப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கே நேராகக் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

கேள்வி: அமெரிக்காவில் கேன்சருக்காக ஜட்டி போட்டுக்கொண்டு ஓடுகிறார்களாமே! நாமும் ஓடுவோமா? எனக்குப் பெரிய மீசை வேறு இருக்கிறது, அதற்குப் பரிசு உண்டா?
*வாசகர், வில்லாபுரம்*

ஓடியிருக்கிறார்கள், நிஜம்தான். பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக உள்ளாடையோடு ஓடிய ஓட்டம் அது. சொல்லக் கூச்சப்படுகிற இடத்து நோய் என்பதால்தான் அந்த வேடிக்கை. நம் ஊருக்கு ஜட்டி வேண்டாம். முழங்கால் வரை பட்டாபட்டி டவுசர் போட்டு வாருங்கள், தனிப் பிரிவே வைத்துவிடலாம்.

சிரித்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள். பல நாடுகளில் இளவயதுக்காரர்களுக்குப் பெருங்குடல் புற்று கூடிக்கொண்டே வருகிறது. மலத்தில் ரத்தம் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மதுரையில் எந்தச் சந்துக்குள் போனாலும் சுவரில் மூலம், பௌத்திரம் என்று நோட்டீஸ் இருக்கும். நேராக அங்கே போகிறார்கள். பலருக்கு மூலமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தம் நிற்கவில்லை, எடை குறைகிறது, மலம் கழிக்கும் பழக்கம் மாறிவிட்டது என்றால் வயது 30 என்று பார்க்காமல் குடல் டாக்டரிடம் போய், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள்.

மீசைக்கும் ஒரு கதை இருக்கிறது. 2003-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் சில நண்பர்கள் விளையாட்டாக நவம்பர் மாதம் மீசை வளர்க்க ஆரம்பித்தது, இன்று மொவெம்பர் என்று ஆண்களின் புற்றுநோய்களுக்கு உலகம் முழுக்க நிதி சேர்க்கிறது. அவற்றில் ஒன்று விரைப் புற்று. இளவயது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். சீக்கிரம் பார்த்தால் அநேகமாகக் குணமாகிவிடும். குளிக்கும்போது தடவிப் பாருங்கள். வலியே இல்லாத கட்டி தென்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த அளவு மீசை வைத்திருக்கும் ஆளுக்கு இதற்குத் தைரியம் இல்லையா என்ன? பரிசு உண்டு. மீசைக்கு எண்ணெய்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறார்கள். அடுத்த ஓட்டத்தில் நடக்கவாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். அனுமதிக்கலாமா?
*ஒரு தாய், வாடிப்பட்டி*

அம்மா, ஓட்டத்துக்கு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. கீமோ ஏறுவதற்கு முன்னால் டாக்டரிடம், "இதனால் பின்னாடி குழந்தை பிறக்கிறதுக்குப் பாதிப்பு வருமா? விந்தணுவைச் சேமிச்சு வைக்கணுமா?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டால் அவன் அப்பா கேட்கட்டும், மாமன் கேட்கட்டும், அவனே கேட்டால் இன்னும் நல்லது. எல்லா மருந்தும் பாதிப்பதில்லை, சிலது பாதிக்கும். ஆண்களுக்கு ஓரிரு நாளில் முடிகிற வேலை. பெண் பிள்ளைகளுக்குக் கருமுட்டை சேமிக்க இரண்டு வாரம்போல ஆகும், அதனால் இன்னும் முன்கூட்டியே பேச வேண்டும். உயிர் பிழைத்தால் போதும் என்கிற பதற்றத்தில் இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயன் குறைவு.

இனி நடை. சிகிச்சை நடக்கும்போது படுத்தே கிடக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய காலம். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்காத அளவு நடை. இரண்டு நாள் லேசான தசைப் பயிற்சி. 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பினர் வெளியிட்ட பரிந்துரை இது. அலுப்பு குறையும், மனசும் தெளியும். ஆனால் கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் நன்றாக இறங்கிவிடும். அந்த நாட்களில் கூட்டம் ஆகாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலும், எலும்பில் நோய் இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

தெப்பக்குளம் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். அவன் ஒரு கரை மட்டும் நடக்கட்டும். முடியாவிட்டால் கல் திண்டில் உட்கார்ந்து விசில் ஊதட்டும். என் விசிலையே தருகிறேன், கழுவித்தான்.

கேள்வி: விக் செய்ய முடி கொடுக்க ஆசை. அழகர்கோவிலில் மொட்டை போடுகிற முடியைக் கொடுக்கலாமா?
*கல்லூரி மாணவி, ஒத்தக்கடை*

நேர்ந்த முடி சாமிக்கு. கொடுக்கிற முடியைத் தனியாக வளர்த்து, சாயம் போடாமல், நன்றாகக் காயவைத்துப் பின்னி இரண்டு முனையிலும் ரப்பர் போட்டு வெட்டிக் கொடு. எத்தனை அங்குலம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொண்டு வெட்டு. ஒரு விக்குக்குப் பல பேர் முடி வேண்டும், அதனால் தோழிகளையும் இழுத்து வா.

கேள்வி: எங்கள் ஊரிலும் நடத்த நினைக்கிறோம். என்னென்ன தேவை?
*இளைஞர் மன்றத்தினர், உசிலம்பட்டி*

முதலில் தேனி ரோட்டில் ஓடும் யோசனையை விடுங்கள். பஸ்காரர் உங்கள் புலி வேஷத்துக்கு வழிவிட மாட்டார். பள்ளி மைதானமோ நல்ல கண்மாய்க்கரையோ போதும். காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். கரடி உடுப்புக்குள் வெயில் ஏறினால் ஆள் மயங்கிவிடுவான். முகமூடியில் மூச்சுக்கு ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், சும்மா நின்றாலும் பரவாயில்லை. உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து திறந்து, மூன்றாவது ஆள் எண்ணட்டும். கட்சிக்காரர் வந்தால் மாலையை வாங்கிக்கொள்ளுங்கள், மைக்கைக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, பொம்பளைகள் கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முந்தின நாள் ராத்திரியே விசாரித்து வையுங்கள். அந்த ஆள் காலையில் போனை எடுக்க மாட்டார்.